நாலு பேட்டரிக் கட்டை, ஒரு டிரங்க் கால்

1988 ஜூலை 4, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். குடையில் ஒரு கம்பி ஒடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் முழுக்கச் சேறு.

கம்ப்யூட்டர் இன்று எழும்பவே இல்லை. ஒரு மாதமாகவே தேதியை மறந்துகொண்டிருந்தது. காலையில் போட்டால் 1980 ஜனவரி ஒன்று என்று காட்டும், நான் சரியான தேதியை அடித்துக் கொடுப்பேன். இன்று ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்கிறது. நாலு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று.

டி.பி. நோயாளிகள் பட்டியல் முழுக்க அதற்குள்தான். யாருக்கு என்றைக்கு மருந்து, யார் வராமல் நின்றுவிட்டார்கள், எல்லாம். திங்கட்கிழமை தோறும் வராதவர்கள் பெயரை அச்சடித்துக் கொடுப்பேன். சுடலை அண்ணாச்சி சைக்கிளில் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்துவிட்டு வருவார். இன்று கொடுக்க ஒன்றுமில்லை. மேஜை பக்கத்திலேயே நின்றார். "ஞாபகத்துல இருக்கத எழுதிக் குடு தாயி, நான் போயிட்டு வாரேன்" என்றார்.

ஏழு பேர் ஞாபகம் வந்தது. மீதிப் பேர் யார்?

டாக்டரம்மா மதுரைக்கு போன் போட்டார்கள். நாளைக்கு இன்ஜினியர் வருகிறாராம்.

வாங்க: சீயக்காய். அம்மாவுக்குக் கண் மருந்து. குடைக் கம்பி.

ஜூலை 5, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. இன்ஜினியர் பதினொரு மணிக்கு நனைந்துகொண்டே வந்தார். நாற்பது வயது இருக்கும், பேச்சு குறைவு. மூடியைக் கழற்றியதும், "இங்க பாருங்க" என்று காட்டினார். மதர்போர்டு ஓரத்தில் நீலமாக ஒரு சின்ன பேட்டரி. அதிலிருந்து பச்சையாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. மிஷினை அணைத்த பிறகும் தேதியையும் செட்டிங்கையும் நினைவில் வைத்திருப்பது இதுதானாம். செத்துப்போயிற்று. அதே மாதிரி பேட்டரி மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும், பத்து நாளாகும் என்றார்.

டாக்டரம்மா, பத்து நாளெல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இன்ஜினியர், டிரான்சிஸ்டருக்குப் போடுகிற நாலு பென்சில் கட்டையும் அவற்றை வைக்கிற பெட்டியும் கிடைக்குமா என்று கேட்டார். நானே ரத வீதி ரேடியோ கடைக்கு ஓடினேன். வந்தபோது பற்றவைப்பை உருக்கிப் பழைய பேட்டரியை எடுத்திருந்தார். கட்டு போடும் அறையிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி, புண்ணைத் துடைப்பதுபோல அந்தப் பச்சையைத் துடைத்தார். இரண்டு ஒயர் இழுத்து, பெட்டியை உள்பக்கம் வைத்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். நர்ஸுகள் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

தேதி நின்றது. அணைத்துப் போட்டோம், அப்போதும் நின்றது.

அப்புறம்தான் விஷயம். எந்த வகை ஹார்ட் டிஸ்க் என்று ஒரு நம்பர் கேட்கிறது. ஒன்றிலிருந்து நாற்பத்தேழு வரை. பழைய பேட்டரியோடு அந்த நம்பரும் போயிற்று. வெளிநாட்டு தர்மத்தில் வந்த மிஷின், டிஸ்க்கின் மேல் இருக்கும் கம்பெனிப் பெயர் அவருக்குப் பழக்கமில்லை. குத்துமதிப்பாகப் போட மாட்டேன் என்றார். தப்பு நம்பரில் ஏதாவது எழுதிவிட்டால் உள்ளே இருப்பது பாழாம்.

பிளாப்பியில் நகல் இருக்குமே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மூன்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. சாரல் காலத்தில் மர அலமாரியில் வைத்தது நான். மார்ச்சுக்குப் பிறகு நகல் எடுக்காததும் நான்.

"இதை முதல்ல போட்டது யாரு?" என்று இன்ஜினியர் கேட்டார். டாக்டரம்மாவுக்குச் சட்டென்று பெயர் வரவில்லை.

"சாமுவேல்" என்றேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஒன்றரை வருடம்.

அவர் இப்போது மெட்ராஸில். இந்நேரம் ஆபீஸ் மூடியிருக்கும். இன்ஜினியர் லாட்ஜில் தங்குகிறார்.

ஜூலை 6, புதன்

சா.வின் ஆபீஸ் நம்பரைத் தேடச் சொன்னார்கள். பழைய பைலில் இருக்கும் என்று சொல்லி முக்கால் மணி நேரம் பைல் புரட்டினேன். நம்பர் இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. உடனே சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே.

பாளையங்கோட்டைக்காரர். பதினோரு மாதம் இங்கே இருந்து இந்தப் பட்டியல் புரோகிராமை எழுதினார். நான் கார்டுகளைப் படிக்கப் படிக்க அவர் அடிப்பார், பிறகு அவர் படிக்க நான் அடிக்கக் கற்றேன். மெட்ராஸில் வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டார், கட்டிக்கொள்ளலாமா என்று. அம்மா தனியாக இருக்கிறாள் என்றேன். அண்ணன் சர்ச் என்றாலே எழுந்து போய்விடுவான் என்றேன். எல்லாம் சொன்னேன். எனக்கு விருப்பமா இல்லையா என்பதை மட்டும் சொல்லவில்லை. பஸ் எடுத்துவிட்டார்கள்.

அர்ஜென்ட் டிரங்க் கால் பதிவு செய்தோம். 3.40க்குக் கிடைத்தது. டாக்டரம்மா பக்கத்து நாற்காலியில். அறைக் கதவு திறந்தே இருந்தது, அந்தப் பக்கம் இன்ஜினியர் மிஷின் முன்னால்.

"ஹலோ" என்றதுமே, "கோமதியா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"டைப் ரெண்டு. ரெண்டு போடச் சொல்லுங்க, போதும். நான் எழுதி வச்சிட்டு வந்திருக்கணும். என் தப்புதான்."

கத்தி இன்ஜினியரிடம் சொன்னேன். லைனில் இரைச்சல்.

"பக்கத்துல ஆள் இருக்காங்களா?"

"ஆமா."

"சரி."

அதற்குப் பிறகு நலம் விசாரித்தார். நானும் விசாரித்தேன். கட்டாகிவிட்டது.

இரண்டு போட்டதும் மிஷின் கரகரவென்று இரைந்து எழும்பியது. ஊர் வாரியாகப் பெயர்கள், அத்தனையும். டாக்டரம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டியல் அடித்தேன். பத்தொன்பது பேர். திங்களன்று நான் எழுதிக் கொடுத்தது ஏழு. அண்ணாச்சி மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டிய நாள். அந்த "சரி" காதிலேயே நிற்கிறது.

ஜூலை 7, வியாழன்

சாரல் இல்லை. வெயில்கூட அடித்தது. புது பிளாப்பியில் நகல் எடுத்து டாக்டரம்மாவின் இரும்பு பீரோவில் வைத்தாயிற்று.

அண்ணாச்சி வந்து சொன்னார். குத்துக்கல்வலசையில் ஒரு பெண், இரண்டு பிள்ளைக்காரி, பத்து நாளாக மருந்து இல்லை. இருமல் நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாளாம். முந்தா நேற்றிலிருந்து ரத்தம். ஜீப் அனுப்பிக் கூட்டிவந்து படுக்கையில் சேர்த்திருக்கிறது. "நல்ல வேளை, பேரு வந்துச்சு. இல்லன்னா நான் எங்கன போய்த் தேடுவேன்" என்றார். என் ஏழு பேரில் அவள் இல்லை.

மத்தியானம் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். என்னைவிடச் சின்னவள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். பம்பாயில் வேலையாம். "வாரேன் வாரேன்னு எழுதுதாரு. நான் வாங்கன்னு எழுதவே இல்ல, அவருக்குக் கஷ்டம்னு" என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கண் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சா. பற்றி யோசிக்காமல் இருக்க வீட்டில் என் அலமாரியைத் துடைத்தேன். அடி மூலையில் அவர் கையெழுத்தில் ஊர்ப் பெயர்களின் சுருக்கம் எழுதின ஒரு தாள். கடையம் - க. சிவகிரி - சி. இதை எதற்கு இத்தனை நேரம் கையில் வைத்திருந்தேன்.

ஜூலை 9, சனி

தென்காசி தபால் ஆபீஸில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். குற்றாலம் பஸ் ஏறினேன். அம்மாவிடம் ஆபீஸ் வேலை என்றேன்.

சீசன் கூட்டம். தபால் ஆபீஸ் பெஞ்சில் ஈரத் துண்டோடு ஆட்கள், எண்ணெய் வாசனை, ஊருக்கு போன் போட வரிசை. பக்கத்தில் ஒரு அம்மாள், "அருவில தண்ணி விழுதான்னு கேக்கதுக்கு ஒரு போனு, விழுதுன்னு சொல்லுததுக்கு ஒரு போனு" என்று மகனைத் திட்டிக்கொண்டிருந்தாள். பதிவு செய்து ஒன்றேகால் மணி நேரம். சனிக்கிழமை அவர் ஆபீஸ் அரை நாள், கிளம்பியிருப்பாரோ? இரண்டு தடவை எழுந்து வெளியே வந்தேன். இரண்டு தடவையும் திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

கிடைத்தது.

"மறுபடியும் மிஷினா?" என்றார்.

"இல்ல. மிஷின் நல்லா ஓடுது. நான் தனியாத்தான் இருக்கேன். குற்றாலத்துல இருந்து பேசுதேன்."

அவர் வாய் திறப்பதற்குள் நானே கேட்டேன்.

"வீட்ல உங்களுக்குப் பொண்ணு பாக்காங்களா?"

"பாத்துட்டாங்க. நாசரேத்துல. நான் இன்னும் பதில் சொல்லல."

"சொல்லாதீங்க" என்றேன். "அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதிலே சொல்லல. எனக்கு விருப்பம்தான். அப்பவும் விருப்பம்தான்."

"ஒன்றரை வருஷம், கோமதி" என்றார். கோபமா என்று தெரியவில்லை. பிறகு சிரித்தார், அல்லது மூக்கை உறிஞ்சினார். அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி வருகிறாராம். வீட்டில் நான் சொல்லி வைக்க வேண்டுமாம். சொல்லாவிட்டாலும் வருவாராம்.

அருவிப் பக்கம் போகவில்லை. நேராக வீட்டுக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவே இல்லை.

ஜூலை 10, ஞாயிறு

மறுபடி சாரல். இட்லிக்கு மாவு பொங்கவில்லை, தோசையாக ஊற்றியாயிற்று.

அம்மாவுக்குக் கண் மருந்து விடும்போது சொன்னேன். தலையை அண்ணாந்து படுத்திருந்ததால் என் முகத்தைப் பார்க்க முடியாது, அதுதான் வசதி. பெயர், ஊர், கோவில் இல்லை சர்ச் என்பது, நேற்று குற்றாலம் போனது, எல்லாம். அம்மா கண்ணை மூடியபடியே கிடந்தாள். மருந்து இரண்டு பக்கமும் வழிந்தது.

"அந்தப் பட்டியல் எழுதுன பையனா? இங்கன வந்து ஒரு தடவ தண்ணி குடிச்சானே."

"ஆமா."

"உனக்கு என்ன வயசு ஆகுது?"

"முப்பத்திரெண்டு."

"எனக்குத் தெரியும். நீ சொல்லுதியான்னு பாத்தேன்."

அப்புறம் எழுந்து அடுப்படிக்குப் போனாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். கரிந்திருந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"எனக்குச் சம்மதம்னு நான் சொல்லல. உங்க அண்ணன்கிட்ட உனக்காகப் பேசவும் மாட்டேன். நீயேதான் சொல்லணும். நீ சொல்லும்போது பக்கத்துல உக்காந்திருக்கேன்."

அண்ணன் சிவகிரியிலிருந்து பன்னிரண்டு மணி பஸ்ஸில் வருகிறான். இப்போது மணி பதினொன்றே முக்கால்.