நீல டப்பாவில் புன்னை எண்ணெய்

அன்புள்ள அம்மாவுக்கு, இயேசுவுக்கே புகழ். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா கடலுக்குப் போகிறார்களா? இங்கே நான் சுகம்.

தேங்காய் எண்ணெயில் கலந்து பூசச் சொல்லி நீங்கள் தந்த புன்னை எண்ணெயால் முழங்கைக் கரப்பான் அடங்கிவிட்டது. ஆனால் அந்த வாடைக்குப் பக்கத்துக் கட்டில் ஜெபிஷா, "ஏளா, வள்ளத்துக்குப் பூசுததையா பூசுத? ஒட்டுவாரொட்டி, அங்கன தள்ளிப் படு" என்றாள். ஹாஸ்டலே சிரித்தது. இப்போது சாப்பாட்டுக்கு யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை.

அதே ஜெபிஷாதான் என் நீல டப்பாவிலிருந்து தேங்காய் எண்ணெயைத் திருடித் தினமும் தலை வாருகிறாள். இன்று அந்த டப்பாவில் புன்னை எண்ணெய் முழுவதையும் ஊற்றிவிட்டேன். இரண்டு நாளாகச் சளியில் அவளுக்கு மூக்கடைப்பு, வாடை தெரியாது. நாளை கோயில் பாட்டுக்குழுவில் அவள்தான் முன்வரிசை. எத்தனை ஷாம்பு போட்டாலும் அந்த வாடை போகாது. அவள் பக்கத்திலும் யாரும் நிற்கக் கூடாது.

வார்டன் கண்டுபிடித்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனாலும் டப்பாவை ஒளித்துவைக்க மனம் வரவில்லை.

வார்டனின் டார்ச் வெளிச்சம் வருகிறது, அம்மா. யாராவது தூத்துக்குடி வந்தால் இன்னொரு போத்தல் கொடுத்துவிடுங்கள். என்னிடம் ஒரு சொட்டுகூட இல்லை. முழங்கை மறுபடியும் அரிக்கிறது.

உங்கள் மகள்,
செல்ஸியா