அக்கா, நீ மறைக்கச் சொன்ன வலி

என் தனம் அக்காவுக்கு,

நீ போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது எனக்கு மூன்றாம் மாதம், அக்கா. நீ இருந்திருந்தால் உன்னிடம்தான் முதலில் ஓடி வந்திருப்பேன். “நீயே ஒரு குழந்தை, உனக்கொரு குழந்தையாடி?” என்று தலையில் குட்டியிருப்பாய்.

போன வாரம் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்தது. கொஞ்சம் ரத்தமும் பட்டது. நான் வாழ்க்கைப்பட்டது நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். பாத்திரம் தேய்த்த சாம்பல் கையோடு அம்மாவிடம் ஓடினேன். அம்மா அப்படியே என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். பாகூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுக்கப் பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

ஸ்கேன் உனக்குத் தெரியாது. உன் காலத்தில் இங்கே அது இல்லை. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தி அழுத்தி நகர்த்துகிறார்கள். சின்னத் திரையில் மழை பெய்வதுபோல் ஏதோ தெரிந்தது. டாக்டரம்மா அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உன்னையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

“பயப்படாதம்மா. கரு கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கு. இதோ, துடிக்குது பாரு.”

பார்த்தேன், அக்கா. ஒரு வெள்ளைப் புள்ளி படபடவென்று துடித்தது. சந்தோஷப்படுவதற்கு முன்னால் வாயில் கேள்விதான் வந்தது. “உள்ளதான்னா? வெளியிலயும் இருக்குமா?”

“சில பேருக்குக் கர்ப்பப்பைக்குப் போற குழாயிலேயே கரு தங்கிடும். வளர வளர வலிக்கும். அப்புறம் குழாய் வெடிச்சு உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டும்.”

கதவோரம் நின்ற அம்மா உள்ளே வந்துவிட்டாள். “எம் பெரிய பொண்ணு அப்படித்தாம்மா போயிட்டா. முழுகாம இருக்கறானு எனக்கே தெரியாது. தண்ணிக் குடத்தத் தூக்குடின்னேன். கிணத்தாண்டயே சுருண்டு வுழுந்தா. நான்தான் கொன்னுட்டேன்.”

“அதுக்கு முன்னாடி வலி இருந்துச்சா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இல்லியே” என்றாள் அம்மா.

“இருந்துச்சு. மூணு நாளா இருந்துச்சு. எனக்குத் தெரியும்” என்றேன் நான்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீ பார்க்காததே நல்லது.

உனக்கு நினைவிருக்கிறதா? மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்த நீ, நெல் குதிர் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கேட்டதற்கு, “நாள் தள்ளிப்போயிருக்குடி. வலிக்குது. அம்மாவாண்ட சொல்லாத. போன தடவ மாதிரி தெரு பூரா சொல்லிடும். அப்புறம் இதுவும் கலைஞ்சிடுச்சின்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு வெளிய போவேன்?” என்றாய். பதினாலு வயதில், அக்கா என்னை நம்பி ஒரு ரகசியம் சொன்னாள் என்ற பெருமைதான் எனக்கு. வாயே திறக்கவில்லை. உன்னை ஏற்றிக்கொண்டு போன வண்டி கிருமாம்பாக்கம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“நீங்க சொல்றதப் பாத்தா குழாய் வெடிச்சிருக்கும். குடம் தூக்கினதால இல்லம்மா” என்று டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்ப இந்த மெஷின் இல்ல. ஆனா வலி வந்த அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தா...” என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, “குடம் இல்லியாம்டி” என்று இரண்டு தடவை சொன்னாள். பன்னிரண்டு வருஷம் அந்தக் குடத்தைச் சுமந்தவள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “என்னாண்ட ஏண்டி சொல்லல?” என்றாள்.

உன்னைக் கேட்டாளா, என்னைக் கேட்டாளா? எனக்குத் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? உன்மேல் எனக்குக் கோபமும் வருகிறது, அக்கா. உனக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன். அதனால் உன்னைக் காப்பாற்றவில்லை.

இனிமேல் இந்த ஊரில் நாள் தள்ளிப்போன எவளாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், அவள் என் காலில் விழுந்து கெஞ்சினாலும் கேட்க மாட்டேன். அவள் அம்மாவிடம் சொல்வேன், மாமியாரிடம் சொல்வேன், கையோடு இழுத்துப்போய் பஸ் ஏற்றுவேன். அவள் ஆயுசுக்கும் என்னோடு பேசாமல் போனாலும் சரி, உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.

உன் தங்கச்சி,
விஜயா