பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் முகம்

என் வாலு மகளுக்கு,

டயாலிசிஸ் சென்டரின் மூன்றாம் நாற்காலிச் சக்கரவர்த்தியும் உப்பில்லாச் சாப்பாட்டு மகாராஜாவுமான உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், சித்தி சுகம், சித்தியின் மூட்டுவலி எங்கள் இருவரையும்விட சுகமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே நீயும் உன் இருமலும் எப்படி? போகாவிட்டால் டாக்டரைப் பார், ஆபீஸ் ஏசியைத் திட்டிக்கொண்டு உட்காராதே. உன்னைப் பெற்றது என் அண்ணன், வளர்த்தது சித்தி, கெடுத்தது மட்டும் முழுக்க நான், அதனால் புத்தி சொல்லும் உரிமையும் எனக்குத்தான். மாடிக் குழாய் ஒழுகியது, பிளம்பர் வந்து சரிபண்ணிவிட்டுப் போனார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

போன வாரம் போனில் குதித்தாயே, உங்கள் முதலீட்டுக் கம்பெனி நாலு கண்டத்திலும் வாங்கிப் போட்ட சென்டர்களிலேயே எங்கள் சென்டருக்குத்தான் நோயாளிகள் அதிக மார்க் கொடுத்திருக்கிறார்கள், கூட்டத்தில் நீதான் அதை எடுத்துச் சொல்லப்போகிறாய், மற்ற சென்டர்களையும் இதே மாதிரி மாற்றப்போகிறீர்கள் என்று. நானும் பலே என்றேன். உன் சந்தோஷத்தில் மண்ணைப் போட மனசு வரவில்லை, மனசு வந்தபோது நீ போனை வைத்துவிட்டாய். அந்த மார்க் எப்படி வந்தது என்பதை இப்போது கேள். உங்கள் ஆட்கள் வந்த புதிதில் வாசலில் ஒரு டேப்லெட்டை மாட்டினார்கள், அதில் அழும் முகத்திலிருந்து பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் முகம் வரை வரிசையாக இருக்கும், போகும்போது ஒன்றை அமுக்கிவிட்டுப் போக வேண்டும். எங்கள் டெக்னீஷியன் அம்மாவுக்கு நான் சூட்டிய பட்டம் ஊசிராணி. கடப்பாரை கனத்துக்கு ஊசி, அவள் கையால் குத்தினால் கொசு வந்து நலம் விசாரித்த மாதிரிதான் இருக்கும். அழும் முகத்தை அமுக்கினால் அவள் வேலைக்கு ஆபத்து என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். விடுவேனா, நாற்காலியில் படுத்தபடியே போர் முரசு கொட்டினேன், எல்லாரும் சிரிக்கிற முகத்தைத்தான் அமுக்க வேண்டும் என்று. பக்கத்து நாற்காலி வாத்தியார், பணியில் இருந்தவரை ஒரு பிள்ளைக்கும் முழு மார்க் போடாத கணக்கு வாத்தியார், அவரே அமுக்கினார். குமட்டலோடு ஓடிய ஒருவர்கூட ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் சிரித்த முகத்தை அமுக்கிவிட்டுத்தான் ஓடினார்.

பலன் என்ன தெரியுமா? இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்களே, இங்கே ஆள் அதிகம் போலிருக்கிறது என்று மேலிடம் முடிவுகட்டி, ஷிப்டுக்கு இரண்டு பேர் இருந்ததை ஒருவராக்கி, ஊசிராணியையே தூக்கி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டது. புதிதாக வந்த பெண் ஒருத்திதான் இப்போது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறக்கிறாள். அதற்கப்புறம் ஒருநாள் வாத்தியாருக்குப் பிரஷர் கிடுகிடுவென்று இறங்கி கண் சொருகிவிட்டது, மெஷின் ஊரைக் கூட்டுகிறது, அந்தப் பெண்ணோ அந்தக் கோடியில் ஒருவர் கையில் ரத்தம் நிற்காமல் அழுத்திப் பிடித்திருக்கிறாள், விட்டால் அவர் போய்விடுவார். எனக்குக் கையில் ஊசி, எழுந்திருக்க வழியில்லை. ஏழு கடலுக்கும் கேட்கும்படி கத்தினேன். வெளியே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த சித்தி மூட்டுவலியை பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஓடிவந்து, நாற்காலியைச் சாய்த்து அவர் காலைத் தூக்கிப் பிடித்தாள், ஊசிராணி செய்வதைப் பார்த்து வைத்திருந்தது. வாத்தியார் பிழைத்தார். தெளிந்ததும் நான் ஒரு குண்டைப் போட்டேன், உங்கள் பென்ஷன் பணத்தையும் இதே கம்பெனியில்தான் போட்டிருக்கிறார்களாம், மகள் சொன்னாள் என்று. அவர், அப்படியானால் என் காலைத் தூக்க ஆள் இல்லாமல் போனதில் எனக்கும் லாபத்தில் பங்கு வந்திருக்கும் என்றார். சிரித்தோம், ஆனால் ரொம்ப நேரம் இல்லை.

உங்கள் கம்பெனி பூதம் என்று நான் சொல்லவில்லை. பழைய முதலாளி டாக்டர் நல்ல மனுஷர், ஆனால் அவர் மெஷின்கள் என்னைவிட மூத்தவை, புது மெஷின் போட்டது நீங்கள்தான். ஆனால் சென்டரை வாங்க எடுத்த கடனை சென்டர் தலையிலேயே கட்டி, ஆளைக் குறைத்து, லாபம் ஏறியதும் விற்றுவிட்டுப் போவதுதான் கணக்கு என்று நீயே ஒருமுறை விளக்கினாய். சோப்புக் கடை என்றால் சரி, பிடிக்காதவன் அடுத்த கடைக்குப் போவான். எங்களுக்கு நாற்காலியை விட்டால் வேறு கதி இல்லை, அது உங்களுக்கும் தெரியும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அழும் முகத்தை அமுக்கலாம் என்றால், அப்புறம் சென்டரையே மூடிவிடுவார்கள் என்று மேனேஜர் காதில் ஓதுகிறார். ஆக எந்த முகத்தை அமுக்கினாலும் எங்களுக்கே அடி. அதனால்தான் கடிதம். அந்தச் சிரிப்பு எதற்குச் சிரித்தது என்று கூட்டத்தில் நீ சொல்ல வேண்டும், சொன்னால் உன் பிரமோஷன் தள்ளிப்போகும் என்பதும் தெரிந்தேதான் கேட்கிறேன். வேலையை விடாதே, நீ எழுந்தால் எங்களைத் தெரியாத ஒருவன் அந்த இடத்தில் உட்காருவான்.

சித்தி ஸ்வெட்டர் போடச் சொன்னாள், போடு. நன்றாக இரு, நிமிர்ந்து இரு. என் ஆயுளையும் சேர்த்து நீ இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் எழுதுவேன். இந்தத் தடவை அப்படி எழுதவில்லை, என் பங்கு எனக்கே கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
மூன்றாம் நாற்காலியிலிருந்து,
உன் சித்தப்பா