இறக்கத்தில் கேட்ட வெடிச் சத்தம்

அன்புள்ள சின்னவளுக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம், அங்கே குளிருக்கும் வேலைக்கும் நடுவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் அக்கா மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, போட்டோ எடுத்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நன்றாக ஆறிவிட்டது, வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். இதெல்லாம் அவளே போனில் சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. மூன்று தடவை போனைக் கையில் வாங்கினேன், உன் குரல் கேட்டதும் அம்மாவிடமே நீட்டிவிட்டேன்.

பயிற்சிக்குப் போகிற பக்கம் ஓடிய பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதனால் மாடிப்படிக்கு அடியில் நான்கு வருடமாகத் தார்ப்பாய் மூடிக் கிடந்த உன் பைக்கை வெளியே எடுத்தேன். அடுத்த தெரு மெக்கானிக் வந்து பேட்டரியை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தான், ஒரே உதையில் கிளம்பிவிட்டது. அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, கணக்கு வாத்தியார் வீட்டு இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டேன், டமார் என்று ஒரு வெடி. வாத்தியார் கேட்டுக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அம்மா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, “ஏங்க, இந்த வயசுல யாருக்கு வித்தை காட்டுறீங்க” என்று கேட்டாள். அவள் கேலிக்குத்தான் கேட்டாள். ஆனால் அது நான் உன்னைக் கேட்ட கேள்வி, அதே இடத்தில்.

நீ மறந்திருக்க மாட்டாய். உன் முதல் சம்பளத்தில் வாங்கிய பழைய வண்டி, அதை ஓட்டிக்கொண்டு தெருவே அதிர வருகிறாய் என்று வாத்தியார் வந்து சொன்னார். “உங்க பொண்ணு வேணும்னே ஓடுற வண்டியில சாவிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணி வெடி போடுறா சார்” என்றார். “நான் ஒண்ணும் பண்ணலப்பா, அதுவா வெடிக்குது” என்று நீ சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. மெக்கானிக்கிடம் விடவும் சம்மதிக்கவில்லை, கோளாறு வண்டியில் இல்லை உன் கையில்தான் என்று கத்தினேன். அந்த இறக்கத்துப் பேக்கரி வாசலில் அத்தனை பேர் பார்க்க உன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். “ஒரே ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்கப்பா” என்றாய். நான் ஓட்டிப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் நீ வேலைக்கென்று கடல் தாண்டிப் போனாய், அதன் பிறகு என்னோடு பேசுவதெல்லாம் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதோடு முடிந்துவிடுகிறது.

இப்போது அம்மாவோடு போய் வெடித்த அன்றைக்கு வாத்தியாரிடம் பெட்ரோல் சரியில்லை சார் என்று ஒரு பொய் சொன்னேன். மெக்கானிக் மறுபடி வந்து பார்த்தான், இன்ஜினோடு சைலன்சர் சேருகிற கழுத்தில் கரி படிந்திருந்ததை விரலால் தொட்டுக் காட்டினான். “உள்ள வாஷரே இல்ல சார், இந்த இடுக்கு வழியாக் காத்து போகுது. ஆக்சிலேட்டர விட்டா எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள்ள போய் வெடிக்கும். யாரு சார் கடைசியா இதக் கழட்டினது” என்றான். நினைவில்லை என்றேன். அது இரண்டாவது பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அவன் போனதும் பரண்மேல் இருந்த பிஸ்கட் டின்னைத் தரையில் கொட்டினேன், ஆணிக்கும் நட்டுக்கும் நடுவில் கிடந்தது, கரி பிடித்து நசுங்கிய செம்பு வளையம். கழற்றியவன் நான்தான் மகளே. சைலன்சரில் துரு ஏறிவிட்டதே, கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்தால் நீ பார்த்துச் சந்தோஷப்படுவாய் என்று நீ வண்டி வாங்கிய புதிதில், ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றினேன். நசுங்கிய வாஷருக்குப் பதில் புதிது வாங்கிப் போடலாம் என்று பழையதை டின்னில் போட்டேன், வாங்க மறந்து அப்படியே முடுக்கிவிட்டேன். முப்பத்தோரு வருடம் பம்பு ஃபிட்டர் நான், வாஷர் இல்லாமல் மாட்டினாய் என்று எத்தனை பேரை வைதிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். வெட்கமாக இருக்கிறது மகளே, இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மறுநாளே வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். “அதுக்கென்ன சார் இப்ப, பழைய கதை” என்று சிரித்தார். அவருக்குப் பழைய கதை. பேக்கரியில் கத்திய அதே வாசலில் நின்று, தப்பு என் மகள்மேல் இல்லை, என்மேல்தான் என்று சொன்னேன். கடைக்காரருக்கு எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை, பிரெட் வேண்டுமா என்று கேட்டார். அவர்களெல்லாம் எப்போதோ மறந்துவிட்டார்கள். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

புது வாஷர் போட்டாகிவிட்டது, இப்போது வெடிப்பதில்லை. இந்த உறைக்குள் வண்டிச் சாவி இருக்கிறது, பிரிக்கும்போது கீழே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள். இன்னொரு சாவி அம்மாவின் பீரோவில் இருக்கிறது, நீ ஓட்டலாம் என்று சொன்னால்தான் எடுப்பேன், அதுவரை ஆட்டோவில் போய்க்கொள்கிறோம். வேளைக்குச் சாப்பிடு, காதைத் துணியால் மூடிக்கொண்டு வெளியே போ. நீ எங்கே இருந்தாலும் தலைநிமிர்ந்து நன்றாக இரு, உன் அம்மாவின் ஆசியும் இதோடு வருகிறது.

இப்படிக்கு,
நீ சொன்னபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்த
உன் அப்பா