சால்சே ஏரியில் ஒரு புரட்டாதிச் சனி

2.10.2004, சனி

ஏரிக்குப் போனவர்கள்: இவர், நான், மகள் கஜந்தி, இவருடைய தமக்கை கமலநாயகி மச்சாள். நாலு பேர்.

அங்குள்ள பறவைக் காப்பகத்தில் கஜந்திக்கு ஒரு வருட வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயே தங்க வேண்டும். புதன்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். இவர்தான் மனமில்லாமல் நிற்கிறார். இடத்தைப் பார்த்தால் மனம் மாறுமென்று கூட்டிப்போனோம்.

முந்தி கிழக்கு ஜேர்மனியின் எல்லை ஏரிக்கு நடுவால் போனதாம். எல்லை என்றதும் இவர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து வந்துவிட்டார்.

"எல்லை இல்லாமப் போய் எத்தினை வருசம், அப்பா?"

"எனக்குத் தெரியும். பொலிசுக்கும் தெரியவேணுமே."

மச்சாள் சிரித்த சிரிப்பில் வாத்துகள் பறந்தன.

எல்லை வேலியடியில் அந்தக் காலம் ஆட்களை விடாததால்தான் காடும் பறவைகளும் தப்பினவாம். கஜந்தி ஆசையாய்ச் சொன்னாள். இவர் மரங்களில் காகம் தேடினார். சனி விரதம், காகத்துக்குச் சோறு வைக்காமல் சாப்பிடமாட்டார். வாத்து, நாரை எல்லாம் நிற்கின்றன, காகத்தைக் காணோம். இரண்டு மணியும் ஆகிவிட்டது.

"காகமே இல்லாத காட்டில பிள்ளையை விடுறதோ?" என்றார்.

"காட்டுக்க தேடினா வராது. உழுத வயலுக்குப் போவம்" என்றாள் கஜந்தி.

"ஜேர்மன் காகத்தோடயும் கதைச்சு வைச்சிருக்கிறாள்" – மச்சாள்.

கஜந்தி வயலோரம் சோற்றை வைத்துவிட்டு எங்களைக் காருக்குள் இருத்தினாள். நாங்கள் நின்றால் இறங்காவாம். கொஞ்ச நேரத்தில் ஒன்று வந்தது. பிறகு ஐந்தாறு.

சாப்பாட்டைப் பிரித்தபோதுதான் பார்த்தேன் – காலைச் சாப்பாட்டுக்கு அவளுக்கென்று கட்டிய பாணும் அப்படியே கிடந்தது.

"ஏன் பிள்ளை, நீ காலமை சாப்பிடேல்லையோ?"

"அப்பா சாப்பிடேல்லையே."

இவர் தன் பங்கு வடையை அவளுடைய தட்டில் வைத்தார்.

3.10.2004

ஒரு கதையும் இல்லை. அம்பாளே, இந்த மனிசன்ர வாயைத் திறவுங்கோ. தனிய விட எனக்கும் பயம்தான். ஆனா அவளின்ர முகத்தைப் பாக்க ஏலாமல் கிடக்கு.

5.10.2004, செவ்வாய்

வேலையால் வந்தவரின் கையில் ஒரு சோடி றப்பர் சப்பாத்து. கஜந்திக்கு இரண்டு அளவு பெரிது.

"தடிச்ச மேசு போட்டா சரிவரும்" என்றார்.

பிறகு அவளைக் கம்பியூட்டருக்கு முன் இருத்தி, தான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனமாய்ச் சொன்னார். அவள் காப்பகத்துக்கு ஜேர்மனில் எழுதினாள். இவர் சொன்னதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"மகள் வருவா. அவ தங்கிற அறையில குளிருக்குப் போடுற ஹைற்சுங் ஒழுங்காச் சுடுமோ? கெதியாப் பதில் தாங்கோ."