சேவு வந்த பை

அன்புள்ள அம்மாவுக்கு, டெல்லியிலிருந்து ஓவியா எழுதுவது. நான் நலம். உனக்குக் கை எரிச்சல் குறைந்ததா? அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது?

போனில் சொன்னால் பாதியிலேயே பதறிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஊரிலிருந்து கிளம்பும்போது, "புதுப்பை எதுக்குடி, இது எம்புட்டுக் கெட்டியா இருக்கு பாரு" என்று, நீ பட்டாசுக் கம்பெனிக்குச் சோறு கொண்டுபோகும் பையில் சாத்தூர் சேவு வைத்துக் கொடுத்தாயே. கூட வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுக்கலாமென்று நேற்று அதை ஏர்போர்ட்டுக்கு எடுத்துப்போனேன். விமானம் ஓட்டுகிற எங்களையும் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். பையைத் துடைத்த துணியை மிஷினில் வைத்ததும் அது கத்தியது. வெடிமருந்து இருக்கிறதாம்.

தனியறையில் உட்காரவைத்து விசாரித்தார்கள். என் அம்மா தாயில்பட்டியில் பட்டாசு செய்கிறவள் என்று நாலு பேருக்கு விளக்கினேன். கடைசியில் எங்கள் கேப்டன் வந்து பேசி அழைத்துப்போனார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விமானிகள் அறைக் கதவு திறந்தே இருக்குமாம், பயணிகள் வந்து எட்டிப் பார்ப்பார்களாம். இப்போதும் அப்படியிருந்தால் உன்னைக் கூட்டிவந்து காட்டியிருப்பேன். விமானம் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியது, அவ்வளவுதான். என் வேலைக்கு ஒன்றும் இல்லை.

இனி சேவு அனுப்பினால் கடைக் கவரிலேயே அனுப்பு. ரசப்பொடியும் தீர்ந்துவிட்டது. பையைத் துவைத்துவிடச் சொன்னார்கள். நான் துவைக்கவில்லை. இதை எழுதும்போதும் மடியில்தான் இருக்கிறது.

டூட்டிக்கு வண்டி வந்துவிட்டது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஓவியா