உப்பு கொஞ்சம் தூக்கல்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், கடையில் வறுவல் அடுப்பும் நலம். உன் நலத்தை உன்னிடம் கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், அதனால் இந்த முறை மாப்பிள்ளையைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

நீ இருக்கும் ஊரில் மகன் வீட்டுக்குப் போயிருந்த எதிர்க்கடைத் தையல்காரர் போன வாரம் திரும்பி வந்தார். அவரிடம் உனக்கு ஒரு டப்பா முந்திரி கொடுத்தனுப்பினேன் அல்லவா, புதுச் சரக்கு, நானே நின்று வறுத்தது. "உங்க பொண்ணுக்குத் தங்கமான மனசுங்க, டப்பாவப் பிரிக்கக்கூட இல்ல, நீங்களே வச்சுக்குங்கன்னு என் கையிலயே திருப்பிக் குடுத்துடுச்சு" என்று மனிதர் கடை வாசலில் நின்று உன்னைப் புகழ்கிறார். அவர் உன் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம்தான் நீ போனில், முந்திரி பிரமாதம்ப்பா, ரெண்டு பேரும் போட்டி போட்டுச் சாப்பிட்டோம் என்றாய். நான் சிரித்துக்கொண்டே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் போனதும் மாடியேறி உன் அம்மாவிடம் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவளுக்குத்தான் முந்திரி, பாதாம், பிஸ்தா எதுவுமே ஒத்துக்கறதில்லையே, வருஷக்கணக்கா" என்கிறாள், என்னவோ இன்றைக்குப் பால்காரர் வரவில்லை என்பது போல. ஆபீஸ் விருந்தில் ஒரு துண்டு கேக் தின்று, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, உன்னை ஆம்புலன்சில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதையும் அவள் வாயிலிருந்துதான் கேட்டேன். அவளுக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும், உன் தம்பிக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் முந்திரி விற்கிற எனக்கு மட்டும் தெரியாது. ஏன் மறைத்தீர்கள் என்றதற்கு, "உங்க பொழப்பே அதுல ஓடுது, மனசு ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு அவதான் சொல்ல வேண்டாம்னா" என்றாள். நான் முந்திரி விற்கிறவன் பாப்பா, முந்திரிக்கு அப்பன் இல்லை.

பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். முன்பு அனுப்பிய ஒரு டப்பாவுக்கு "உப்பு கொஞ்சம் தூக்கல்ப்பா" என்றாயே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. வாயிலேயே வைக்காத முந்திரிக்கு உப்பு பார்த்திருக்கிறாய். அதை நம்பிக் கடைச் சரக்கு முழுவதற்கும் உப்பைக் குறைத்தேன். சப்பென்று இருக்கிறது என்று பழைய வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தபோது, என் மகள் நாக்கு தப்பாது என்று அவர்களோடு மல்லுக்கு நின்றேன். பேங்க் மேனேஜர் அந்தக் கோபத்தில் வேறு கடைக்கே போய்விட்டார். அடுத்த மாதம் இங்கே வரும்போது நீங்கள் ஓட்டலில் தங்கப்போவதற்குக் காரணம், நீ சொன்னதுபோல் மாப்பிள்ளையின் ஆபீஸ் வேலை இல்லை, என் வீடுதான் என்பதும் இப்போது புரிகிறது. கீழே கடை, மேலே வீடு, நீ பயப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்தை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையே.

தெருமுனை டாக்டரிடம் போய், எனக்கு ஒன்றுமில்லை, மகளுக்காக வந்தேன் என்று சொல்லிக் கேட்டேன். அலர்ஜியாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் பழகிவிடாதா என்றதற்கு, "வீட்ல அந்தப் பரீட்சையெல்லாம் வேணவே வேணாம்" என்று அதட்டினார். முந்திரி பட்ட கரண்டியும் ஆகாதாம், அது பொரித்த எண்ணெயும் ஆகாதாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டுமாம், கல்லாவில் வைத்திருக்கிறேனே அந்த ஜெல், அதைத் தடவினால் போகாதாம். ஆப்பிள் கடித்தால் உனக்கு வாய் அரிக்கிறது என்று அம்மா சொன்னதையும் சொன்னேன், அரிப்புதானே என்று விடாமல் உன் டாக்டரிடம் காட்டச் சொன்னார். மூச்சு முட்டினால் மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, முதலில் தொடையில் அலர்ஜி ஊசி, கைவசம் எப்போதும் இரண்டு இருக்க வேண்டுமாம், சரியாகிவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும் என்று உனக்குத் தெரியட்டும்.

மாடிக்கு இனிமேல் சரக்கு ஏறாது. கடைச் சட்டையைக் கீழேயே கழற்றிப்போட்டு, குளித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். உன் அறையைத் துடைத்தாயிற்று, புதுப் பாத்திரமும் வாங்கியாயிற்று. உன் அம்மாவோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, போட்டதைச் சாப்பிடுகிறேன். வீடா ஓட்டலா என்பது உன் இஷ்டம், உன் தொண்டை. வரமாட்டேன் என்றால் அதை என்னிடமே சொல், அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

நீயும் மாப்பிள்ளையும் மூச்சுக்கும் பேச்சுக்கும் குறைவில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். ஊசி இரண்டையும் கைப்பையிலேயே வைத்துக்கொள், பெட்டியில் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பிவிடாதே.

இப்படிக்கு,
எல்லோருக்கும் கடைசியில் தெரிந்துகொண்ட உன் அப்பா.

பி.கு.: உப்பைப் பழைய அளவுக்கே மாற்றிவிட்டேன். இப்போது சரியாக இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறார்கள்.